கோணி ஊசியின் துளை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் உயிரோடும் முழங்கால் வலியோடும் இருக்கிறேன். படி ஏறும்போது மட்டும் வலது கால் சண்டை போடுகிறது. உனக்குச் சளி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், விட்டதா? உன் வீட்டுக்காரியும் பெண்ணும் எப்படி இருக்கிறார்கள்?

எனக்கு மறுபடியும் தெருவில் வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. முப்பத்தொரு வருஷம் பெருக்கின தெருக்களிலேயே இப்போது பொறுக்கச் சொல்கிறார்கள். வரி கட்டாமல் கடத்தி வருகிற சிகரெட் எவ்வளவு என்று அரசாங்கத்துக்கே தெரியவில்லையாம். சிகரெட் கம்பெனி நூற்றுக்கு நாற்பது என்கிறதாம், உங்கள் வரி இலாகா நூற்றுக்கு எட்டு என்கிறதாம். இரண்டு பேரையும் நம்பாமல், ஜனங்கள் பிடித்துவிட்டுத் தெருவில் எறிகிற காலி பாக்கெட்டையே எண்ணிவிடலாம் என்று புள்ளிவிவர ஆபீசில் யாரோ ஒரு புத்திசாலி முடிவு பண்ணியிருக்கிறார். தெரு தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஓய்வு பெற்ற துப்புரவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கண்ணாடி போட்ட மேடம். வயது முப்பதுதான் இருக்கும். "அம்மா, உங்களால குனிய முடியுமா?" என்று கேட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து குனிஞ்சிட்டுதான்மா இருக்கேன்" என்றேன். எழுதிக்கொண்டது.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் ஆறு நாள், எனக்குப் பதினான்கு தெரு. மிதிபட்டதோ நனைந்ததோ, எந்த பாக்கெட்டையும் விடக்கூடாது. படிவத்தில் மூன்று கட்டம்: வரி ஸ்டிக்கர் ஒட்டினது, ஒட்டாதது, வெளிநாட்டு எழுத்து. எனக்கு எழுதத்தான் நேரமாகும். அதனால் தெருவுக்கு ஒரு நூல் எடுத்து, கோணி ஊசியால் பாக்கெட்டுகளைக் குத்திக் கோத்துவிடுகிறேன். மேடத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் எல்லோரையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டது.

உங்கள் இலாகா கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். உன் அத்தானைத் திருடன் என்று எழுதி வெளியே தள்ளின இலாகா அது. பதினோரு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. பத்தொன்பது வருஷம் அவர்களுடைய பறிமுதல் சரக்குக் குடோனில் பெட்டி தூக்கினவர். ஒரு மதியம் அவர் சாப்பாட்டுப் பையில் பறிமுதல் சிகரெட் ஆறு பாக்கெட் இருந்தது என்றார்கள், கதை முடிந்தது. சிகரெட்டை வாயில் வைத்தறியாத மனுஷர். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். நீ அதே குடோனில் கிளார்க்காக இருந்தவன், இன்னும் இருக்கிறவன், உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். இங்கே எனக்குக் கல்வெட்டு என்று பட்டப்பெயர்.

ஒரு சந்தேகம். ஏழு பாக்கெட்டில் நான் குத்துவதற்கு முன்னாலேயே ஓட்டை இருந்தது. ஊசி தானாக உள்ளே போய்விட்டது. அது என்ன ஓட்டை? நீ இலாகாக்காரன், உனக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 23

அன்பு அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

சளி போய்விட்டது, இருமல் மட்டும் வீட்டு விருந்தாளி மாதிரி கிளம்ப மனசில்லாமல் இருக்கிறது. முழங்காலுக்குச் சூடு தண்ணீர் ஒத்தடம் கொடு. இந்த வயதில் தெருத் தெருவாக ஏன் அலைகிறாய் என்று உன் தம்பி பொண்டாட்டி என்னைத் திட்டுகிறாள், நான்தான் அனுப்பினேன் என்பது போல.

சர்வே நல்ல காரியம். இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கள் பழைய குடோன் அதிகாரி, நீ வெள்ளைச் சட்டை என்று சொல்வாயே, அவர்தான் இப்போது தலைமை அலுவலகத்தில் கடத்தல் தடுப்புக் குழுவுக்குத் தலைவர். எல்லையில் புதிய ஸ்கேனர், கடைகளில் திடீர்ச் சோதனை என்று ஊரே அதிர்கிறது. போன வாரம் குடோனுக்கு வந்தபோது என் தோளில் கை போட்டுப் பேசினார். ஜூனில் எனக்கு ஓய்வு. முப்பது வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன்.

ஓட்டை பற்றிக் கேட்டிருந்தாய். கடையில் மூட்டையாகக் கிடந்தால் எலி கடிக்கும், வேறொன்றும் இல்லை. அதையெல்லாம் படிவத்தில் எழுதிக் குழப்பிவிடாதே. மூன்று கட்டம் கொடுத்தால் மூன்று கட்டத்தை நிரப்பு, போதும்.

பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், வலி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தால் எனக்குத்தான் முதலில் சந்தோஷம். இருமலை அலட்சியம் பண்ணாதே.

எலி என்று எழுதியிருந்தாய். எத்தனை எலியைத் துடைப்பத்தால் அடித்திருக்கிறேன், எனக்கு எலிக்கடி தெரியாதா? இந்த மாதம் இருபத்தாறு பாக்கெட். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், நட்டநடுவில், மூன்று மூலையாக ஒரு துளை. அளந்து கடிக்கிற எலியை நான் பார்த்ததில்லை. போதாததற்கு, பற்றவைக்காத முழு சிகரெட்டே இடுப்பில் ஓட்டையோடு தெருவில் கிடக்கிறது.

மூலைக் கடை வழுக்கையிடம் நேராகவே கேட்டேன்.

"ஏம்பா, இது என்ன ஓட்டை?"

"அதுவா? ஓட்டைச் சரக்குக்கா. இருபதுல ரெண்டு புட்டுக்கும், தூக்கிப் போட்டுடுவாங்க. அதான் பாதி விலை."

"எங்கேருந்து வருது?"

"வேன்ல வருது."

"வேன் எங்கேருந்து வருது?"

"அதைக் கேட்டா அப்புறம் வேன் வராதுக்கா."

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த டப்பாவைக் கவிழ்த்தேன். உன் அத்தான் வேலை பார்த்த காலத்தில், முனை வளைந்துபோனது என்று குடோனில் தூக்கிப் போட்ட ஊசி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மூன்று பட்டை ஊசி. பிடிபட்ட சரக்கை யாரும் திரும்ப விற்கக்கூடாது என்று பண்டலின் நடுவில் அந்த ஊசியால் ஒரே குத்து, பத்து பாக்கெட்டும் துளை விழும். அந்தத் துளையில் கம்பி கோத்து ஈய முத்திரை. அதற்கு அப்புறம் எரிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த ஊசியைப் பாக்கெட் துளையில் விட்டுப் பார்த்தேன். சாவி பூட்டுக்குள் போவது மாதிரிப் போயிற்று.

தம்பி, இது எல்லை தாண்டி வந்த சரக்கு மட்டும் இல்லை, உங்கள் குடோனுக்குள் போய்விட்டு வெளியே வந்த சரக்கு. எரித்தோம் என்று எழுதிவிட்டு யாரோ விற்கிறார்கள்.

இன்னொன்றும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. மாட்டிக்கொள்வதற்கு ஒரு வாரம் முன்னால், புதன்கிழமை, முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு எரிக்கறதுக்கு ஏத்தின பெட்டியெல்லாம் தலகாணி மாதிரி இருக்கு. உள்ள சரக்கு இல்ல, காகிதக் குப்பை. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டேன்." யாரிடம் என்று கேட்க வாயெடுத்தேன், அடுப்பில் பால் பொங்கிவிட்டது, ஓடினேன். அந்தப் பால் கொட்டித் தொலைந்திருக்கலாம். வெள்ளைச் சட்டையிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவரை மாட்டிவிட்டவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். நீ உள்ளே இருக்கிறாய், கண் திறந்து பார். யார் என்று கண்டுபிடித்து எழுது. ஜாக்கிரதையாக இரு, உன்னையும் மாட்டிவிடப் போகிறார்கள்.

உன் அக்கா


மார்ச் 11

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதமாகப் பதில் இல்லை. முதலில் தபால் தொலைந்தது என்று நினைத்தேன். அப்புறம் உனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். நேற்றுப் பேப்பரில் உன்னைப் பார்த்த பிறகு இரண்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் சோதனை போட்டார்கள். இரண்டு ஜீப், ஒரு கேமராக்காரன். வழுக்கை கடையில் பதினோரு பண்டல் எடுத்தார்கள். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் மனைவி செருப்பில்லாமல் ஜீப் பின்னாலேயே ஓடினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒரு அதிகாரியிடம் கேட்டேன்: "ஐயா, இதுல ஏற்கெனவே உங்க குடோன் ஓட்டை இருக்கே, பாத்தீங்களா?" "பாட்டி, ஓரமா போ" என்றான். பேத்தி எடுத்தவள்தான் நான், ஆனால் அவனுக்குப் பாட்டி இல்லை. அவன் பல்வரிசை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பேப்பரில் வெள்ளைச் சட்டை நடுவில் நிற்கிறார். பிடித்த சரக்கு மேசை மேல். பின்னால் மூன்றாவது ஆளாக நீ. இளைத்திருக்கிறாய்.

அந்தப் பதினோரு பண்டலுக்கும் மறுபடி குத்துவீர்களா? அதே துளையிலேயே ஊசி போய்விடுமே, வேலை மிச்சம்.

போன் பண்ணுகிறேன் என்று உன் வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் சொல்லியனுப்பினாளாம். வேண்டாம். எனக்கு இடது காது கேட்பதில்லை. அது மட்டுமில்லை, பேசினதைச் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். எழுது.

அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

நீ சொல்கிற விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். உணர்ச்சிவசப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது. ஊசி எந்தக் கடையிலும் கிடைக்கும். யாரோ விஷமிகள் இலாகாவுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர அப்படிக் குத்தியிருக்கலாம். உன்னிடம் இருக்கிற அந்தப் பாக்கெட்டுகள் சர்வேக்குத் தேவையில்லாதவை. மற்ற குப்பையோடு சேர்த்துவிடு.

பழைய சமாச்சாரத்தைக் கிளறுவதால் போனவர் திரும்பி வரப் போவதில்லை. பெட்டிகள் கனமில்லாமல் இருந்தன என்பதற்கு அன்றைக்கே ஆதாரம் கிடையாது. அத்தான் சைக்கிள் ஷெட்டில் வைத்துச் சொன்னதை வேறு யாரும் கேட்கவும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் யார் நம்புவார்கள்?

முழங்கால் வலியோடு நீ இந்த வேலையைச் செய்வது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது. விட்டுவிடு. ஏப்ரலில் நானே நேரில் வருகிறேன். பெண்ணுக்கு ஜூலையில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. நீதான் முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஒரு சொல்லையும் தாண்டிப் போக மாட்டேன்.

சைக்கிள் ஷெட் என்று நான் எழுதவில்லை.

சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார் என்று மட்டும்தான் எழுதினேன். எந்த இடத்தில் சொன்னார் என்று எனக்கே தெரியாது. வேறு யாரும் கேட்கவில்லை என்கிறாயே, வேறு யாரும் என்றால் யாரைத் தவிர வேறு யாரும்? அந்த ஷெட்டில் அவர் எதிரே நின்றது யார்?

விசாரணை நடந்த அன்று நான் அந்த ஆபீஸ் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பச்சை பெயிண்ட் அடித்த பெஞ்சு, ஒரு கால் ஆட்டம், அதனால் உட்காரவில்லை. காலை பத்தேகாலுக்கு உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாய். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாய். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காப்பாத்தியிருப்பேனே, அக்கா" என்றாய். நான் உன் கண்ணைத் துடைத்துவிட்டேன். என் முந்தானையால் துடைத்தேன், பாவி!

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனுஷரை எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா? "கூடவே வேலை செய்யறான் என் தம்பி, அவன்கிட்ட சொல்லாம வேற எவன்கிட்டயோ போய் சொல்லியிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?" என்று படுக்கையில் கிடந்தவரைக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெள்ளைச் சட்டை வேண்டாம், ஊசி வேண்டாம், எலி வேண்டாம். அவர் உன்னிடம் சொன்னாரா, இல்லையா?

ஏப்ரல் முப்பதாம் தேதி நூல்கள் எல்லாவற்றையும் மேடத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஓட்டைப் பாக்கெட்டுகளைத் தனி நூலில் கோத்துச் சுவர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். இன்றைக்கு அறுபத்திரண்டு. நேரில் வராதே. வந்தால் கதவு திறக்காது. எழுது.

அக்கா


ஏப்ரல் 10

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய ஆசையும்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இவர் சாப்பிடுவதில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறார். கேட்டால், "எங்க அக்கா கேட்டுட்டா" என்கிறார், அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. கடிதத்தை நானே எடுத்துப் படித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் இந்த வீட்டில் என்னைக் கேட்டு என்ன நடந்திருக்கிறது? ஒன்று மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருக்கிறது. பெண்ணுக்கு ஜூலையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் கௌரவம் பார்க்கிறவர்கள். இந்த நேரத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அவள் தலையெழுத்து என்ன ஆகும்? அவள் உங்கள் மடியில் வளர்ந்தவள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். இருக்கிறவர்களைப் பாருங்கள் அண்ணி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள்
தம்பி மனைவி


ஏப்ரல் 15

தம்பி பொண்டாட்டிக்கு,

நீயும் பெண்ணும் நன்றாக இருங்கள். அது மனசார எழுதுவது.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் வேறு. அவர் போன அன்று, மழை வருகிறது என்று மூன்று மணிக்கே கிளம்பிப் போனாய். மழை வரவில்லை. அதை உன்னிடம் தனியாக வைத்துக்கொள்கிறேன், இதில் சேர்க்கவில்லை.

போனவர் போய்விட்டார் என்கிறாய். அவர் போனார், அவர் மேல் ஒட்டின சொல் போகவில்லை. இன்றைக்கும் இந்தத் தெருவில் என்னை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், "அதான், புருஷன் சிகரெட் திருடினான்ல, அந்தம்மா" என்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் அவர்கள் வாசலைப் பெருக்கியிருக்கிறேன், துடைப்பத்தை வைத்து அடையாளம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. உன் பெண்ணுக்குக் கௌரவம் வேண்டும் என்றால் என் பெண்ணுக்கு வேண்டாமா? அவளுக்கு வந்த இரண்டு இடம் இந்தப் பேச்சால் திரும்பிப் போனது. அப்போது உன் வீட்டில் யாரும் சாப்பிடாமல் எழுந்திருக்கவில்லை.

இன்னொருத்தி இருக்கிறாள், வழுக்கையின் மனைவி. தினமும் ஜெயில் வாசலுக்குப் போய்விட்டு வருகிறாள். உன் வீட்டுக்காரன் வேலை பார்க்கிற குடோன் சரக்கை யாரோ விற்றதற்கு அவள் புருஷன் உள்ளே இருக்கிறான்.

காலில் விழ வேண்டாம், எனக்குக் காலே வலிக்கிறது. நான் கேட்டதற்கு அவனைப் பதில் எழுதச் சொல். ஒரு வரி போதும்.

உன் நாத்தனார்


ஏப்ரல் 25

அக்கா,

சொன்னார்.

ஒரு வரி போதும் என்றாய். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை.

புதன்கிழமை சாயந்திரம், ஷெட்டில் சைக்கிளை எடுக்கும்போது சொன்னார். "மச்சான், பெட்டியில காகிதத்தை அடைச்சு எரிக்கறானுங்க. சரக்கு பின்வாசல் வழியா போகுது. நீ படிச்சவன், மேல யாருக்காவது எழுது. நான் கைநாட்டு மாதிரி, என் பேச்சு எடுபடாது" என்றார். சரி என்றேன். அப்போதே எனக்கு வேன் விஷயம் தெரியும், அக்கா. எரித்ததாக எழுதுகிற பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அதிகாரியிடம் போய், இவருக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். எச்சரித்து விடுவார், வேறு வேலைக்கு மாற்றி விடுவார் என்றுதான் நினைத்தேன். அத்தான் சாப்பாட்டுப் பையில் அந்தப் பாக்கெட்டுகளை நான் வைக்கவில்லை. வைப்பதைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விசாரணையில், "இதெல்லாம் தெரியும்னா யார்கிட்ட சொன்னே?" என்று அவரைக் கேட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஞாபகம் இல்லீங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே வரும்போது என் காதோடு சொன்னார்: "அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அக்கா, பதினோரு வருஷமாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னதே பாரம் இறங்கினது போல இருக்கிறது. இதைப் படித்ததும் கிழித்துவிடு. பாக்கெட்டுகளை எரித்துவிடு. அதிகாரி இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஜூலை வரை பொறு. கல்யாணம் முடிந்ததும் அத்தானுக்காக என்ன எழுதச் சொல்கிறாயோ எழுதித் தருகிறேன். சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி


மே 6

தம்பிக்கு,

முழங்கால் இருக்கட்டும்.

முப்பதாம் தேதி புள்ளிவிவர ஆபீசுக்குப் போனேன். தெரு நூல்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, ஓட்டைப் பாக்கெட் நூலை மேசை மேல் வைத்தேன். எழுபத்தொன்பது. "இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலையே அம்மா" என்றது மேடம். "கட்டம் இல்லேன்னா போடு" என்றேன். அப்புறம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்று கதவைச் சாத்திவிட்டு யாருக்கோ போன் பண்ணிற்று.

சாயந்திரம் இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் இலாகா இல்லை, அரசாங்க ஊழியர்களை விசாரிக்கிறவர்கள். ஒருத்தர் வயதானவர், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுதினவர் உங்க கூடப் பொறந்த தம்பியாம்மா?"

"ஆமா."

"யோசிச்சுக் குடுங்க. வாங்கிட்டா திருப்பித் தர முடியாது."

"திருப்பிக் கேக்கறதுக்கு இல்லீங்க."

இரண்டு நாள் கழித்துக் குடோனைப் பூட்டி முத்திரை வைத்தார்களாமே? எரிப்பதற்கு அடுக்கியிருந்த பெட்டிகளைத் திறந்தால் காகிதமாம். பேப்பரில் வந்தது, உன் பெயர் வரவில்லை, வரும். வெள்ளைச் சட்டை லீவில் போயிருக்கிறாராம். வழுக்கைக்கு நேற்று ஜாமீன் கிடைத்தது. நூற்றுக்கு நாற்பதா எட்டா என்று அடித்துக்கொண்டார்களே, இரண்டு பேர் கணக்கிலும் இந்த எழுபத்தொன்பது இல்லை என்று மேடம் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பாரம் இறங்கினது என்கிறாய். எங்கே இறக்கி வைத்தாய் என்று பார்த்தாயா? என் தலையில். "அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா" என்று அவர் சொன்னதை இத்தனை வருஷம் நீ மட்டும் கேட்டிருக்கிறாய். எனக்காக அவர் வாயை மூடிக்கொண்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று. அதைச் சொல்ல எனக்கு இடமே கொடுக்காமல் நீங்கள் இரண்டு பேரும் அந்த வராந்தாவில் பேசி முடித்துவிட்டீர்கள். அவர் மேலும் கோபம்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கேட்காமல் விட்டேனே, என் மேலும் கோபம்தான்.

ஜூலை வரை பொறு என்கிறாய். கல்யாணத்துக்கு அப்புறம் பேரன், பேரனுக்கு அப்புறம் இன்னொன்று. உனக்கு எப்போதும் ஒரு ஜூலை இருக்கும்.

உன்னைக் கூப்பிடுவார்கள். இதோடு சேர்த்து ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருக்கிறேன். கூப்பிடுவதற்கு முன்னால் நீயே போ. எனக்கு எழுதினதை அப்படியே அவர்களுக்கும் எழுதிக் கொடு, ஜன்னல் பக்கம் திரும்பினதையும் சேர்த்து. நீயாகச் சொன்னால் தண்டனை குறையலாம் என்றார் அந்த வயதானவர். உன் அத்தானின் கோப்பில் இருக்கிற அந்தச் சொல்லை எடுக்க நாளாகுமாம். திங்கட்கிழமை தோறும் வந்து கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போன திங்கட்கிழமை போனேன். வரும் திங்கட்கிழமையும் போவேன்.

உன் பெண் ஒரு பிழையும் செய்யாதவள். அவள் கல்யாணத்துக்கு நான் வருவேன், முதல் வரிசையில் உட்காருவேன். பெண்ணின் அப்பா எங்கே என்று யாராவது என்னிடம் கேட்டால் பதில் சொல்வேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

சாப்பிடு. இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லத் தெம்பு இருக்காது.

இப்படிக்கு,
உன் அத்தானின் மனைவி